டைமண்ட் பிடிக்கும் கை

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே குன்னூரில் ஐப்பசி மழை விட்டபாடில்லை. மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திவிட்டார்கள். துடைத்து வைத்த இரும்பு மறுநாளே துருவேறுகிறது.

இரும்பின் மேற்பரப்பைச் சமமாக அரைக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரில், அரைபடும் இரும்பு கருகி நீலம் பாய்கிறது, அரைக்கும் கல்லை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. எங்கள் பட்டறைக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருகிறார். தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டும் கட்டர்களைத் தீட்டித் தருகிறார். வாய் திறந்து சொல்லித்தர மாட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் கல்லை டிரெஸ் செய்வதை, அதாவது டைமண்ட் முனையால் கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிப்பதைப் பார்த்த பிறகுதான், ஐ.டி.ஐ.யில் நாம் படித்தது பாதிதான் என்று புரிந்தது.

டைமண்டைக் கல்லின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே அவர் வைப்பதே இல்லை. கல் சுழன்று விலகும் பக்கமாகச் சற்றுத் தள்ளி, சுழலும் திசையிலேயே 10 முதல் 15 டிகிரி சாய்த்து வைக்கிறார். அப்போது முனை கல்லுக்குள் குத்தாமல் இழுபட்டு வரும். கல்லின் மேடான இடத்தைத் தேடித்தான் முதல் தொடுதல். பிறகு ஒவ்வொரு முறையும் 0.02 மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை.

உன் சிக்கல் டைமண்டைக் கல்லின் குறுக்கே நகர்த்தும் வேகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். பையன்கள் வழவழப்பு வர வேண்டுமென்று மெதுவாக நகர்த்துவார்கள். கல்லும் கண்ணாடி போல் மின்னும். ஆனால் அதில் வெட்டும் மணிகள் மழுங்கிவிடும். அது வெட்டாது, தேய்க்கும், சூடேற்றும். பெரியவர் நிறைய அரைத்தெடுக்க வேண்டிய வேலைக்குச் சரசரவென்று இழுக்கிறார். கடைசி மெருகுக்கு மட்டும் நிதானம். ஒரே கல், ஒரே டைமண்ட். கை வேகத்தில் இரண்டு கல்லாகிவிடுகிறது. இதைப் படத்தில் காட்ட முடியாது, சத்தத்தில்தான் பிடிபடுகிறது.

சூட்டைத் தணிக்கும் கூலன்ட் விடுவதென்றால் தொடக்கத்திலிருந்தே விடச் சொல். சூடேறிய டைமண்டின்மேல் நடுவில் திறந்தால் விரிசல் விடும். அவ்வப்போது அதைப் பிடியில் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஒரே பக்கம் தேயாது. புதுக் கல் மாட்டுமுன் விரிசல் இருக்கிறதா என்று மரக்கைப்பிடியால் தட்டிப் பார்ப்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் கருகினால் கல்லின்மேல் போட்டிருக்கும் குறியீட்டு எண்ணை எழுது, பெரியவரிடம் காட்டுகிறேன். மழை விட்டதும் ஒரு பையனை இங்கே அனுப்பிவை. தங்க இடம் இருக்கிறது, ஸ்வெட்டர் மட்டும் கொண்டு வரட்டும்.

அன்புடன்,
ராஜு