லினக்ஸுக்கு வைரஸ் வருமா எண்டு கேட்ட மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன்ட மெசேஜ் கிடைச்சது, வொய்ஸ்ல பதில் அனுப்பினா நீ பாதியோட நிப்பாட்டிப் போடுவாய், அதான் இருந்து எழுதுறன். இஞ்ச கல்லடில எல்லாரும் சுகம். அம்மாக்குக் கண் ஒப்ரேஷன் முடிஞ்சி இப்ப பேப்பர் வாசிக்கிறா, எனக்குத்தான் தொல்லை, விடிஞ்சா மரண அறிவித்தல் முழுக்க சத்தமா வாசிச்சிக் காட்டுறா. உங்க அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளாம வெட்டத் தொடங்கிற்றாம் எண்டு கேள்வி, மாமாட வயல் எப்பிடி இந்தமுற?

சரி விசயத்துக்கு வாறன். கடைக் கொம்பியூட்டர் எல்லாத்தையும் வின்டோஸ்ல இருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு மாத்திற்றாய் எண்டு கேட்டது சந்தோசம். வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோட வழமையான சப்போர்ட் முடிஞ்சிது, அந்தப் பழைய மெஷினுகளுக்கு 11 ஏறவும் மாட்டாது, நல்ல வேலைதான் செஞ்சிருக்காய். ஆனா "இனி அன்டிவைரஸ் தேவல்லத்தானே, லினக்ஸுக்கு வைரஸே வராதாமே" எண்டு கேட்டிருக்காய் பார், அதில முதல் பாதி கிட்டத்தட்ட சரி, ரெண்டாம் பாதி பிழை.

வைரஸ் வந்திருக்கு. 1997ல பிளிஸ் எண்டு ஒண்டு, அதுக்கு முதல் வருசம் ஸ்டாவோக் எண்டு ஒண்டு, 2001ல ராமென் எண்ட புழு ரெட் ஹெட் எண்ட லினக்ஸ் ஓடின சேர்வருகளுக்குள்ள தானாப் பூந்து வெப் பேஜ மாத்திப் போட்டது. ஆனா வீட்டுக் கொம்பியூட்டர்ல ஒண்டும் நிண்டு பிடிக்கல்ல. சாமான் வாற வழிதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன். வின்டோஸ்ல ஒரு சொப்ட்வெயார் வேணும் எண்டா நம்மட பொடியன்கள் கூகிள்ல தேடி முதல் வாற பச்சைப் பட்டன அமத்துவானுகள், அதோட காசு குடுக்காமப் பூட்ட உடைக்கிற கிராக், கீஜென் எண்டு எல்லாக் குப்பையும் வரும். மின்ட்ல நீ சொப்ட்வெயார் மனேஜர்ல இருந்து எடுக்கிறாய், அங்க இரிக்கிற பெக்கேஜுகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து இரிக்கு, இடையில எவனும் கை வைச்சா இன்ஸ்டால் ஆகாது. மற்றது மேசைக் கொம்பியூட்டர்ல லினக்ஸ் பாவிக்கிற ஆள் நூத்துக்கு நாலஞ்சு பேர்தான், வைரஸ் எழுதுறவனும் யாவாரிதானே, சனமில்லாத சந்தையில கடை போட மாட்டான். சேர்வர் பக்கம் பார், அங்க நல்லாவே போட்டிருக்கானுகள், எபரி எண்ட ஒண்டு 2009ல இருந்து கிட்டத்தட்ட 4 லட்சம் சேர்வருக்குள்ள பூந்திருக்கு எண்டு அன்டிவைரஸ் செய்யிற ஈசெட் கொம்பனி 2024ல சொன்னது, அதெல்லாம் லினக்ஸும், லினக்ஸ் மாதிரி இன்னொரு சிஸ்டமான பிஎஸ்டியும் ஓடுறதுகள்.

உனக்கு நேரடியா வாற விசயம் பென் ட்ரைவ். ஒலுவில் கெம்பஸ் பொடியன்கள் அசைன்மென்ட் பிரின்ட் எடுக்க வாறானுகள்தானே, அவன்ட ட்ரைவ வின்டோஸ்ல குத்தினா ட்ரைவ்ட பேர்லயே ஒரேயொரு ஷோர்ட்கட் மட்டும் தெரியும், அத அமத்தினா பைலும் வரும் பின்னால வைரஸும் ஓடும். அதையே மின்ட்ல துறந்து பார், வேஷம் கழண்டு கிடக்கும். அந்த ஷோர்ட்கட் ஒரு சின்ன எல்என்கே பைலா நிக்கும், பக்கத்தில ஒரு ஓட்டோரன் பைல், வாயில நுழையாத பேரோட ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட் பைல், மறுகா பேரே இல்லாத ஒரு போல்டர், வெறும் இடைவெளிதான் அதுட பேர், உள்ளுக்குப் போனா அந்தப் பிள்ளைட அசைன்மென்ட் முழுக்க ஒண்டும் ஆகாம இரிக்கும். வின்டோஸ்ல பைல ஒளிக்கப் போடுற அடையாளத்த லினக்ஸ் கணக்கெடுக்கிறதில்ல, அதான் எல்லாம் தெரியுது. பைல்கள வெளிய எடுத்து வைச்சிட்டு மிச்சத்த அழிச்சி விடு, காசு வாங்காத, அந்த ட்ரைவ் அடுத்துப் போய் ஏதாச்சும் ஸ்கூல் ஒபிஸ் மெஷின்லதான் குத்துப்படப் போகுது. கிளாம் ஏவி எண்ட அன்டிவைரஸ இதுக்கு வேணும் எண்டா போடு, சும்மா கிடைக்கும், உன்ட மெஷினுக்காக இல்ல மத்தாக்கள்ட வின்டோஸுக்காக, ஆனா ஆறுதலா ஓடும், எல்லாத்தையும் பிடிக்கும் எண்டும் நம்பாத.

ஒண்டு கேக்க மறந்திட்டன், வின்டோஸ் புறோகிராமுகள லினக்ஸ்ல ஓட்டுற வைன் போட்டிருக்கியா? அந்தப் பழைய தமிழ் டைப்பிங் புறோகிராமுக்காகப் போட்டிருப்பாய் எண்டு எனக்கொரு சந்தேகம். வைன் இரிந்தா வின்டோஸ்ட எக்ஸ்ஈ பைல் ஓடும், வைரஸும் எக்ஸ்ஈதான், அதோட வைனுக்குள்ள இசட் ட்ரைவ் எண்டு தெரியிறது உன்ட முழு லினக்ஸும். எல்லாக் கொம்பியூட்டர்லயும் தெரியிற யுனிகோட் தமிழுக்கு மாறுடா மச்சான், எத்தின வருசம் இன்னும் அதக் கட்டி அழப்போறாய்.

"ரூட் பாஸ்வேர்ட் குடுக்காட்டி வைரஸ் ஒண்டும் செய்யேலாது" எண்டு சொல்லுவாங்க, இதக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். ரூட் எண்டா சிஸ்டம் முழுக்க அதிகாரம் உள்ள எக்கவுன்ட், அது இல்லாட்டி சிஸ்டத்த அசைக்கேலாது, சரி. ஆனா உன்ட கடைக் கணக்கு, சனம் ஸ்கேன் பண்ணின ஐடென்டிட்டி கார்ட், பிரவுசர்ல சேவ் பண்ணி வைச்ச பாஸ்வேர்ட், மகள்ட சாமத்தியப் படம் எல்லாம் இரிக்கிறது ஹோம் போல்டர்ல, அதுக்கு நீதான் சொந்தக்காரன், உன்ட பேர்ல ஓடுற எந்தப் புறோகிராமும் அத வாசிக்கும், அழிக்கும், பூட்டி வைச்சிக் காசும் கேக்கும். சிஸ்டத்தத் திருப்பி இன்ஸ்டால் பண்ணலாம், அந்தப் படத்த எங்க போய் எடுப்பாய்? சிஸ்டத்தப் பழைய நிலைக்குத் திருப்புற டைம்ஷிப்ட் இரிக்குத்தானே எண்டு சொல்லாத, அது ஹோம தொடாது நீயாச் சொன்னாத்தான். வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒரு கொப்பி வை, வைச்சிட்டுக் கழட்டி வை. அதோட ரூட்டும் எப்பவும் பாஸ்வேர்ட் கேட்டுத்தான் குடுக்கும் எண்டில்ல, 2022 ஜனவரில வெளிய வந்த ஓட்டை, பிகேஎக்செக் எண்ட சின்னப் புறோகிராமுக்குள்ள 2009ல இருந்தே கிடந்தது, சாதாரண ஆள் ரூட்டா மாறலாம், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும். அடைச்சது அப்டேட்தான். கீழ மூலையில அந்தக் கேடய ஐக்கன் அப்டேட் இரிக்கு எண்டு காட்டினா அமத்திவிடு, டேட்டா போகுது எண்டு பாக்காத.

பி.டி.எப் விசயத்திலயும் கவனம். இந்தியால அரச ஒபிஸ்கள்ல பாவிக்கிற பொஸ் லினக்ஸ், சென்னைல சி-டாக் செஞ்சது, அதக் குறி வைச்சி ஈமெயில்ல பி.டி.எப் மாதிரிப் படம் போட்ட டெஸ்க்டொப் பைல், அதாவது லினக்ஸ்ட ஷோர்ட்கட், அனுப்பியிருக்கானுகள், அமத்தினா உண்மையா ஒரு பி.டி.எப்பும் துறக்கும், ஆளுக்குச் சந்தேகமே வராது, பின்னால வேற ஒண்டு இறங்கும். லினக்ஸுக்கெண்டே செஞ்ச வேலை அது. உனக்கு மின்ட் இன்ஸ்டால் பண்ணுற ஐஎஸ்ஓ பைல் ஆர் தந்தது? எவன்ட ட்ரைவ்ல இருந்தும் எடுத்திருந்தா சரிபார்த்தியா? 2016 பெப்ரவரில மின்ட்ட சொந்த வெப்சைட்டையே உடைச்சி 17.3 சினமன் ஐஎஸ்ஓட லிங்க மாத்தி, களவா உள்ளுக்கு வாறதுக்குப் பின்கதவு வைச்ச ஐஎஸ்ஓவ ஆக்களுக்குக் குடுத்தானுகள். இப்பத்த மின்ட்ல ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணினாலே வெரிஃபை எண்டு வரும்.

இதெல்லாத்தையும் விட என்ட நித்திரையக் கெடுத்தது எக்ஸ்இசட் கதை. 2024 மார்ச் கடைசில மைக்ரோசொப்ட்ல வேலை செய்யிற ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் எண்ட ஆள், அவருக்குப் பிடிபட்டது என்ன எண்டா தூரத்துக் கொம்பியூட்டருக்குள்ள போற எஸ்எஸ்எச் லொகின் வழமைய விட அரைச் செக்கன் கூட எடுக்குது. அரைச் செக்கன்! நீயும் நானும் எண்டா லைன் ஸ்லோ எண்டு விட்டிருப்பம். அந்த மனுசன் தோண்டிக்கொண்டு போனா, எக்ஸ்இசட் எண்ட பைல் சுருக்கிற லைப்ரரில 5.6.0, 5.6.1 ரெண்டு வேர்ஷன்லயும் பின்கதவு. வைச்சவன் ஜியா டான் எண்ட பேர்ல ரெண்டு வருசத்துக்கு மேல நல்ல பிள்ளையா கோட் எழுதி, தனியாக் கிடந்து களைச்சிப்போன, அந்த லைப்ரரியப் பராமரிச்ச ஆள்ட நம்பிக்கைய எடுத்து உள்ளுக்கு வந்தவன். உன்ட மின்ட்டுக்கு அது வந்து சேரல்ல, புதுசு புதுசா இறக்குற டெபியன், பெடோரா மாதிரி வேற லினக்ஸ்கள்ட சோதனை வேர்ஷன்களோட நிண்டுட்டு. சோர்ஸ் கோட் ஆரும் பாக்கலாம் எண்டு திறந்து கிடந்ததாலதான் பிடிச்சது எண்டு பெருமையடிக்கிறாங்க, என்னக் கேட்டா பாதி அது, பாதி அதிஷ்டம். எந்த அன்டிவைரஸும் அதக் கண்டுபிடிச்சிருக்காது எண்டது மட்டும் நிச்சயம்.

கடைக்கு வாற சனத்துக்கு உன்ட எக்கவுன்டக் குடுக்காத. லொகின் விண்டோ செட்டிங்ல கெஸ்ட் செஷன் எண்டு இரிக்கு, அத ஓன் பண்ணிவிடு, ஆள் லொக் அவுட் பண்ணினா அவன் துறந்த ஜிமெயில், வட்ஸ்அப் வெப், டவுன்லோட் எல்லாம் அழிஞ்சி போகும். வைரஸ விட இதான் உன்ட கடைல நடக்கப்போற பிரச்சின, ஒருத்தன் லொக் அவுட் பண்ணாமப் போவான், அடுத்தவன் வந்து வாசிப்பான், மறுகா சண்டை உன்னோட. "பார்சல் வந்திரிக்கு, காசு கட்டு" எண்டு வாற லிங்க், ஆறு இலக்கக் கோட் அனுப்பச் சொல்லி வட்ஸ்அப்பக் கடத்துறது, இதுக்கெல்லாம் வின்டோஸும் ஒண்டுதான் லினக்ஸும் ஒண்டுதான். போன கிழம எனக்கு ஒரு சைட் சிவப்பாத் துறந்து ஊ ஊ எண்டு கத்தி "உங்கட சி ட்ரைவ்ல வைரஸ்" எண்டுது, மின்ட்ல எங்கடா சி ட்ரைவ், நான் டப்ப மூடிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனன்.

கடைசியா, கடை வாசல்ல சிசிடிவி பூட்டின எண்டு படம் போட்டிருந்தாய். அந்தக் கெமராப் படத்தப் பதியிற டிவிஆர் பொட்டிக்குள்ளயும் பெரும்பாலும் ஓடுறது லினக்ஸ்தான், அதுக்குத்தான் நீ பயப்படணும். 2016ல மிராய் எண்ட கெட்ட புறோகிராம் இப்பிடி கெமரா, டிவிஆர், ரவுட்டர் எல்லாத்துக்குள்ளயும் பூந்து ஒக்டோபர்ல, வெப்சைட் பேருக்கு முகவரி தேடிக் குடுக்கிற டைன் எண்ட கொம்பனிய அடிச்சதில அமெரிக்கால ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் படுத்துட்டு, பூந்த வழி பெரிய வித்தையொண்டுமில்ல, கொம்பனி போட்டு விட்ட அட்மின் அட்மின் மாதிரி பாஸ்வேர்ட் அறுபது சொச்சத்த ஒவ்வொண்டா அடிச்சிப் பாத்தது. அது மெமரிலதான் இரிக்கும், ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா போயிரும், ஆனா பாஸ்வேர்ட் அதே எண்டா கொஞ்ச நேரத்தில திரும்பி வரும். பூட்டின பொடியன் பாஸ்வேர்ட் மாத்தினானா எண்டு கேள், இல்லாட்டி நீயே மாத்து, ரவுட்டரையும் சேத்து. மாத்திட்டு எழுதி வைச்ச துண்ட டிவிஆர் மேல ஒட்டாத, உன்னத் தெரிஞ்சிதான் சொல்லுறன்.

பெருநாள் லீவுக்குக் கடை மூடுவாய்தானே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, அம்மா கேட்டவ.

உன்ட,
கல்லடி மச்சான்