கட்டாமல் பயணிக்கும் பொக்லைன்கள்

ஐயா,

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் திறந்த டிரெய்லர்களில் செல்லும் பொக்லைன்களும் டிராக்டர்களும் பல நேரங்களில் ஒற்றைக் கயிற்றையோ, சக்கரத்துக்கு அடியில் செருகிய மரக்கட்டையையோ நம்பியே பயணிக்கின்றன. இத்தனை டன் எடை எங்கே நகரப் போகிறது என்கிறார்கள். ஆனால் திடீரென பிரேக் பிடிக்கும்போது அதை முன்னோக்கித் தள்ளும் விசையும் எடைக்கேற்பவே கூடுகிறது என்பதோடு, எண்ணெய் படிந்த டிரெய்லர் தளத்தில் பொக்லைன் ஊர்ந்து செல்லும் இரும்புச் செயின் பட்டை எளிதில் வழுக்கவும் செய்யும்.

அமெரிக்க விதிகளின்படி, 4,536 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள இத்தகைய இயந்திரங்களைக் குறைந்தது 4 இடங்களில் கட்டுவதுடன், மண் அள்ளும் வாளியையும் முழுவதுமாக இறக்கிப் பிணைக்க வேண்டும். இங்கே, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்கு வெளியே துருத்தும் சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. துருத்தாமல், அதே சமயம் கட்டப்படாமலும் நிற்கும் இயந்திரமோ யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

வாகனச் சோதனையின்போது, இயந்திரத்தை டிரெய்லரோடு பிணைக்கும் சங்கிலிகளின் எண்ணிக்கையையும் இறுக்கத்தையும் போக்குவரத்துத் துறையினர் கட்டாயம் பார்க்க வேண்டும். புறப்பட்ட சிறிது தூரத்திலேயே சங்கிலி தளரக்கூடும் என்பதால், நிறுத்தி மீண்டும் இறுக்குவதற்கான நேரத்தை உரிமையாளர்கள் ஓட்டுநர்களுக்குத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஸ்ரீபெரும்புதூர்