‘ஃபயர் இன்ஸ்பெக்டர்’ ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆறு மாத டிப்ளமோ முடித்தால் ஃபயர் இன்ஸ்பெக்டர் வேலை’ என்ற விளம்பரத்தை நம்பிப் பல பெற்றோர் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

தமிழக அரசில் அந்தப் பெயரில் தனியாக ஆள் எடுப்பதில்லை. கட்டடத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் நிலைய அலுவலரும், அவருக்கு மேலே உள்ள உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர் ஆகியோரும்தான். நிலைய அலுவலராக நேரடியாகச் சேரப் பட்டப்படிப்பு வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-இல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்தே இதையும் நடத்தியது. அந்த அறிவிப்பில் 621 எஸ்.ஐ. இடங்களோடு 129 நிலைய அலுவலர் இடங்களும் இருந்தன. ‘அது போலீஸ் வேலைக்கான தேர்வு’ என்று நினைத்து அறிவிப்பைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் விடுபவர்கள் ஏராளம். பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவர் தீயணைப்பாளராகச் சேர்ந்து பதவி உயர்வில் வரலாம். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் தீயை நேரில் பார்த்த அனுபவத்தோடு ஆய்வுக்கு வருவார். இரண்டு வழியிலும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்த பிறகு ஓடிப் பழகத் தொடங்கினால் கால் தசை பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

தீயணைப்புப் பொறியியல் படிக்க விரும்பினால் மத்திய உள்துறையின் கீழ் உள்ள நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் ஆவது வேறு பாதை. அதற்கு மதிப்புள்ள படிப்புகளில் ஒன்று சென்னை தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ. தனியார் நிலையத்தில் பணம் கட்டும் முன், ‘இந்தச் சான்றிதழை எந்த வேலை அறிவிப்பில் தகுதியாகக் கேட்டிருக்கிறார்கள்? காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு கற்க வேண்டியது நிறைய. கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-இல் தீப்பாதுகாப்பைச் சொல்லும் நான்காம் பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் மாடியில் 504 சதுர மீட்டர் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1.8 ச.மீ. வீதம் 280 பேர். படிக்கட்டில் ஆளுக்கு 10 மி.மீ. அகலம் வேண்டும் என்பதால் மொத்தம் 2.8 மீட்டர். ஒரே படிக்கட்டு, அதுவும் ஒன்றரை மீட்டர் என்றால் பந்தி நடக்கும்போது தீப்பிடித்தால் பாதிப் பேருக்குத்தான் வழி. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனார்கள். அங்கே சமையற்கட்டுத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஆகவே மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்காமல் எந்த ஆய்வையும் முடிக்கக் கூடாது. அனுமதி வாங்கிய வரைபடத்தில் இல்லாத கொட்டகை அங்கேதான் இருக்கும்.

தீயணைப்பானில் புதியவர் ஏமாறும் இடம் பிரஷர் கேஜ். முள் பச்சையில் நின்றால் சரி என்று எழுதிவிடுகிறார்கள். ஏ.பி.சி. பவுடர் உருளையில் அழுத்தம் சரியாக இருந்தாலும், மாதக்கணக்கில் அசையாமல் நின்ற பவுடர் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பவுடர் சரிவது கையில் தெரிய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உருளைக்குக் கேஜே கிடையாது. தராசில் வைத்து, உருளையில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழிக்க வேண்டும். 4.5 கிலோ வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

பம்ப் அறைதான் ஆய்வின் உயிர். கண்ட்ரோல் பேனலில் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒருவரை மேல்மாடிக்கு அனுப்பி, தீயணைப்புக் குழாயின் கடைசி 63 மி.மீ. வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கியதும், குழாயில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறிய ஜாக்கி பம்ப் ஓட வேண்டும், இன்னும் இறங்கினால் மெயின் பம்ப். மின்சாரத்தை நிறுத்தினால் டீசல் பம்ப் தானாகக் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் கிளம்பாது; பேட்டரி செத்திருக்கும் அல்லது டேங்கில் டீசல் இருக்காது. தண்ணீர் ஓடும்போதே மேல்மாடி வால்வில் 3.5 பார் அழுத்தம் நிற்கிறதா என்று கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும்.

யாரும் வால்வைத் திறக்காதபோதே ஜாக்கி பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் குழாயிலோ, தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்விலோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் தாங்காமல்தான் காவலாளி சுவிட்சை ‘ஆஃப்’ செய்கிறார். அவரைத் திட்டிவிட்டு வந்தால் மறுநாளும் ஆஃப்தான். கசிவை அடைக்கச் சொல்லி எழுதுங்கள். தொட்டியையும் திறந்து பாருங்கள். குளியலறைக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்தே எடுத்திருந்தால் தீக்கென்று ஒதுக்கிய தண்ணீர் தினமும் காலி. ஹோஸ் பெட்டியில் தண்ணீரைப் பீய்ச்சும் பித்தளை முனையான பிராஞ்ச் காணாமல் போவதும், ஹோஸை இணைக்கும் கப்ளிங்கில் ரப்பர் வாஷர் இல்லாமல் போவதும் வழக்கம்.

அறிக்கையில் ‘போதிய வெளியேறும் வழி இல்லை’ என்று எழுதினால் உரிமையாளரின் வக்கீல் அதை எளிதாக உடைத்துவிடுவார். ‘முதல் மாடி, 504 ச.மீ., 280 பேர், தேவை 2.8 மீ., டேப்பில் அளந்தது 1.5 மீ.’ என்று எழுதி, அளந்த தேதியையும் நேரத்தையும் குறித்து, உடன் வந்த மண்டப மேலாளரிடம் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.