எந்தப் பக்கத்திலும் மூடலாம்

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கு நடந்த பாலியல் வன்கொடுமையிலிருந்து மீள, "ஏதாவது புத்தகம் சொல்லுங்கக்கா, இங்கிலீஷா இருந்தாலும் பரவாயில்ல" என்று கேட்டிருந்தாய். நீ சரி என்ற பிறகே இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரோ ஊரோ, எந்த எஸ்டேட் என்பதோ இதில் வராது. கூடலூரிலும் குன்னூரிலும் இதே கேள்வியோடு இன்னும் பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவர்களில் யாருக்காவது அந்தக் கொடுமை நடந்து மூன்று நாள்கூட ஆகவில்லை என்றால் புத்தகம் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி. கர்ப்பத் தடுப்பு மாத்திரை, எச்ஐவி தடுப்பு மருந்து இரண்டையுமே சீக்கிரம் எடுக்க வேண்டும். எச்ஐவி மருந்துக்கு 72 மணி நேரம்தான் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, தெரிந்துகொண்டே போவது நல்லது.

இனி உன் விஷயம். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பெஸ்ஸல் வான் டெர் கோல்க் 2014இல் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்'. அதிர்ச்சி உடம்பில் எப்படித் தங்கிவிடுகிறது என்று விளக்குகிறார், விஷயமுள்ள புத்தகம்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவன் வருகிறான். அவன் அங்கே ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமையும் வருகிறது. எழுதியவரின் கவனமெல்லாம் அவன் படும் வேதனைமேல். ராத்திரியில் லயன் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை நீ ஏன் படிக்க வேண்டும்? இப்போதைக்கு வேண்டாம்.

நான் கையில் தருவது ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய 'ட்ராமா அண்ட் ரெகவரி'. மனநல மருத்துவர். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் வீட்டுக்குள்ளேயே வதைபட்ட பெண்ணுக்கும் வரும் பாதிப்பை ஒன்றாக வைத்துப் பார்த்தவர். முதல் பாகம் ரொம்பக் கனம். அதை விட்டுவிட்டு இரண்டாம் பாகத்தில் தொடங்கு. மீள்வதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்: பாதுகாப்பு, நடந்ததை நினைத்து துக்கப்படுவது, மறுபடி மனிதர்களோடு சேர்வது. 'எல்லாத்தையும் கொட்டிடு, லேசாயிடும்' என்று உன்னை நச்சரிக்கிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. பாதுகாப்பு அமையும் முன்னால் கதையைத் தோண்டக் கூடாது. தூக்கம், சாப்பாடு, பயமில்லாமல் இருக்க ஒரு இடம் எல்லாம் முதல் கட்டத்து வேலைகள். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டதைச் சொல்லும்போது வெட்கப்பட்டாயே, அதுவும் இதில் சேர்த்திதான். பாதிக்கப்பட்டவள் கையிலிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு செய்யும் எதுவும் அவள் மீள உதவாது என்பார். புத்தகத்துக்கும் அது பொருந்தும். பிடிக்கவில்லையா, பாதியில் மூடு. நெஞ்சு படபடத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே நட. கடைசிவரை படித்தாயா என்று நான் கேட்க மாட்டேன்.

நம் நாட்டுக் குரல் வேண்டுமென்றால் சொஹைலா அப்துல் அலி. 17 வயதில் பம்பாயில் தனக்கு நடந்ததை 1983இல் 'மானுஷி' பத்திரிகையில் சொந்தப் பெயரிலேயே எழுதியவர். 2018இல் வந்த அவர் புத்தகம் 'வாட் வீ டாக் அபவுட் வென் வீ டாக் அபவுட் ரேப்'. சின்னச் சின்ன அத்தியாயங்கள், இடையிடையே சிரிப்பும் வரும். தலைப்பில் அந்த வார்த்தை இருப்பதால் அட்டை போட்டுத் தருகிறேன்.

தமிழில் கேட்டால் உடனே ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்பார்கள். அம்மா மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிற இடம். 1960களில் அப்படி ஒரு அம்மாவை எழுதியது பெரிய காரியம். ஆனாலும் கழுவ வேண்டிய அழுக்கு அவள்மேல் இருந்ததாகக் கதை ஒப்புக்கொள்கிறதே, அது எனக்கு உறுத்தும். இலக்கியமாக என்றைக்காவது படி. மருந்தாகப் படிக்காதே.

'ஏன் கத்தல?' என்று உன் சித்தி கேட்டதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். ஆபத்தில் உடம்பு உறைந்துபோவது நாம் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே அது சம்மதம் ஆகாது என்று 2013இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது.

புத்தகம் கிடைக்கும் வழியையும் யோசித்தேன். கிளை நூலகத்தில் எடுத்தால் உன் பெயருக்கு நேரே புத்தகத்தின் பெயரும் ஏறும், மலையில் பேச்சு எவ்வளவு சீக்கிரம் பரவும் என்று உனக்கே தெரியும். பார்சலில் வரவழைத்தால் எஸ்டேட் ஆபீஸில் யார் பிரிப்பார்களோ. போனிலேயே படிக்கிற மின்நூலாக வாங்கலாம், ஆனால் உன் அண்ணனும் அதே கணக்கில் இருந்தால் வாங்கியது அவனுக்கும் தெரியும். தனிக் கணக்கு போட்டு முதலில் இலவச மாதிரிப் பக்கங்களைப் பார்.

ராத்திரி தூக்கம் வராமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

சந்தைக்குக் கோத்தகிரி வரும்போது இரண்டு புத்தகத்தையும் எடுத்து வைக்கிறேன். எது முதலில் என்று நீயே சொல். ஒன்றும் வேண்டாம், டீ மட்டும் போதும் என்றாலும் வா.

அன்புடன்,
அக்கா