பருப்பு ஒரு கிலோ, சர்க்கரை இரண்டு கிலோ: இரண்டு அமைச்சர்களுக்கு ஒரு மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், மாண்புமிகு உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டத்திலிருந்து ஓர் அரிசி அட்டைதாரரின் வணக்கம்.

ஒரே மடலை இருவருக்கும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனித்தனியாக எழுதிப் பார்த்தாயிற்று. ரேஷன் பொருட்களைப் பற்றி ஒரு பக்கம் மனு கொடுத்தால், "இது சர்க்கரை நோய் சம்பந்தப்பட்டது" என்று மறுபக்கம் அனுப்பினார்கள். அங்கே போனால், "இது ரேஷன் சம்பந்தப்பட்டது" என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் "அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது" என்று செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, மனு முடித்துவைக்கப்பட்டது. கொள்கை முடிவு எடுக்கிற இடத்தில் நீங்கள் இருவரும்தான் இருக்கிறீர்கள் என்பதால் நேராக உங்களிடமே வருகிறேன்.

நான் கேட்பது இதுதான். ரேஷன் கடையில் என்ன போடுவது என்பதை இரண்டு துறையும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பருப்பை இரண்டு கிலோ ஆக்குங்கள். தருமபுரிக்கும் நீலகிரிக்கும் கொடுக்கிற கேழ்வரகை எங்களுக்கும் கொடுங்கள்.

என் அண்ணன் கொத்தனார். கலவையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்து பழகியவர். போன கார்த்திகையில் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சிமெண்ட் அரித்த புண்தான். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்ததால் வலியே தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அண்ணி கவனித்தார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது, அறுவைக்கு ஒரு ரூபாய் கேட்கவில்லை. இதற்கு நன்றி சொல்லாமல் மேற்கொண்டு எழுதினால் நான் மனுஷன் இல்லை. டாக்டரையோ நர்ஸம்மாக்களையோ குறை சொல்லவும் எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள். அச்சடித்தது. சோறு ஒரு வேளைதான், அதுவும் ஒரு கப். பருப்பு, சுண்டல், முட்டை, கீரை, சிறுதானியம் தினமும் சேர்க்க வேண்டும். சர்க்கரை கூடவே கூடாது. அண்ணி அதைப் படித்து, நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் ரேஷன் போட்டார்கள். அட்டையில் நான்கு பேர். அரிசி 20 கிலோ, சர்க்கரை 2 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர்.

வகுத்துப் பார்த்தேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 166 கிராம் வருகிறது. சர்க்கரை 16 கிராம். பருப்பு 8 கிராம். எட்டு கிராம் துவரம் பருப்பு எவ்வளவு என்று அமைச்சர்கள் ஒருமுறை உள்ளங்கையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு டீஸ்பூன் இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு வகையோ அதற்கு ஈடாக முட்டை, இறைச்சியோ 85 கிராம் என்று போட்டிருக்கிறது. மிச்சத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். அண்ணன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் அப்படித்தான் வாங்கினார்கள். இப்போது அண்ணி களை எடுத்துக் கொண்டுவருகிற கூலிதான் வீட்டுக்கு. வெளியில் துவரம் பருப்பு கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்கிறது. அரிசி மட்டும்தான் சும்மா கிடைக்கிறது. அதனால் சோறு மட்டும்தான் தட்டில் நிறைய இருக்கிறது.

மாத்திரைக்குக் குறையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம், வாங்கத் தகுதியான திட்டம். வருகிற பெண் எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, சோத்தைக் கொறைங்கண்ணே" என்கிறாள். "கொறைச்சிட்டு எதத் திங்கிறதும்மா?" என்று அண்ணன் கேட்டால் அவளுக்குப் பதில் தெரியவில்லை. அவள் எப்படிச் சொல்லுவாள்? அந்தப் பதில் உணவுத் துறையின் கிடங்கில் அல்லவா இருக்க வேண்டும்.

விரலை எடுக்கக் காப்பீடு இருக்கிறது. நாளைக்கு சிறுநீரகம் போனால் டயாலிசிஸுக்கும் காப்பீடு இருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும். விரல் போகாமல் இருப்பதற்கு வேண்டிய பருப்புக்கு மட்டும் எந்தத் துறையிலும் காசு இல்லை. காப்பீட்டுக்கான வருமான வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷத்துக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் பத்தாயிரம். ஜவுளிக்கடையில் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்குகிற பையன் உங்கள் கணக்கில் பணக்காரன். இருக்கட்டும், அதற்கு வேறொரு மடல் எழுதுகிறேன்.

நமது மாநிலத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அரிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற குடும்பத்துக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை கொடுக்கிறோம். சோற்றைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைக் கேட்டு ஒருவர் அரிசியை விட்டுக்கொடுத்தால், அரசாங்கம் அவருக்குச் செய்கிற மரியாதை இது! எந்த அதிகாரியின் யோசனையோ, அவர் நீடூழி வாழ்க.

பாமாயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். எங்கள் மாவட்டம் மணிலா, அதாவது நிலக்கடலை, விளைகிற மண். விலை விழுந்த வருஷங்களில் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு விற்பனைக் கூடத்து வாசலில் காத்துக்கிடக்கிறோம். அதே தாலுகாவின் ரேஷன் கடையில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பிழிந்த எண்ணெயை மானியம் கொடுத்து விற்கிறோம். தேங்காய் எண்ணெய் போடுங்கள் என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகளும் நாள்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். மலேசிய விவசாயி நன்றாக இருக்கட்டும், எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. மன்னிக்கவும், மனு வேறெங்கோ போகிறது. பருப்புக்கும் கேழ்வரகுக்கும் வருகிறேன்.

அரிசியை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொன்னபோது எங்கள் அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். 2011 ஜூனிலிருந்து அது விலையில்லா அரிசி ஆனது. எல்லோருக்கும் ரேஷன் என்பதை விட்டுக்கொடுக்காத மாநிலம் இது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. அன்றைக்கு இருந்த பசிக்கு அரிசி சரியான பதில். இன்றைக்கு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. ரேஷன் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் சமைக்காத ரேஷன் அரிசி எங்கே போகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லையில் லாரி லாரியாகப் பிடிப்பது உங்கள் குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறைதானே.

கேழ்வரகு மருந்து இல்லை என்பதும் எனக்குத் தெரியும். களியை மூக்குமுட்டத் தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ஆனால் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் தீட்டிய அரிசியில் கிடைக்காது. அண்ணிக்கு அடை தட்டவும் கூழ் காய்ச்சவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 மே மாதம் தருமபுரியிலும் நீலகிரியிலும் சோதனை முறையில் அட்டைக்கு 2 கிலோ, அந்த அளவு அரிசிக்குப் பதிலாக, என்று தொடங்கினார்கள். எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லையைத் தாண்டினால் தருமபுரி. எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் கடைக்கு இன்னும் ஒரு மூட்டை வரவில்லை. விளைச்சல் போதாது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். வாங்க ஆள் இல்லாததால்தானே மானாவாரிக்காரர் விதைப்பதை விட்டார்? 2025-26-க்குக் குவிண்டால் 4,886 ரூபாய் என்று மத்திய அரசு ஆதார விலை அறிவித்திருக்கிறது. அந்த விலைக்கு எங்கள் வட்டத்தில் ஒரு கொள்முதல் நிலையம் திறந்து, ரேஷனுக்குத்தான் வாங்குகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆடிப் பட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கிறோம் என்று நாங்கள் காட்டுகிறோம்.

முடியாத காரியம் ஒன்றும் கேட்கவில்லை. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. கஜானா காலியாகிவிடவில்லை. பிள்ளைகளின் தட்டில் செய்ய முடிந்ததைப் பெற்றவர்களின் தட்டிலும் செய்யலாம்.

ஆகவே ஐயா, அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு இரண்டு துறைச் செயலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இருவரும் இருப்பது ஒரே கோட்டைதான், பஸ் ஏறக்கூட வேண்டியதில்லை. ஒருவர் கையில் அந்தச் சாப்பாட்டுச் சீட்டையும், இன்னொருவர் கையில் ரேஷன் பட்டியலையும் கொடுங்கள். பருப்பு இரண்டு கிலோ. கேழ்வரகு எல்லா மாவட்டத்துக்கும். அரிசியை விட்டுக்கொடுப்பவருக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் பயறு.

இந்த முறை குறுஞ்செய்தி வேண்டாம். எப்போது முதல் என்ற தேதியைத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் அரிசி அட்டைதாரர்,
செங்கம் வட்டம்.