லேப்டாப் பெட்டியில் வாட் அளவை அச்சிடச் சொல்லுங்கள்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன். கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அண்ணா, இதுல கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்தித் தர முடியுமா?" ஆர்க்கிடெக்சர் படிக்கிறவருக்கு கட்டட வரைபட மென்பொருளான ரெவிட் திணறுகிறது. அனிமேஷன் படிக்கிறவருக்கு பிளெண்டர் என்ற மென்பொருளில் ஒரு காட்சியை உருவாக்கி முடிக்கும் 'ரெண்டர்' வேலை முடிவதற்குள் விடிந்துவிடுகிறது. முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. டெஸ்க்டாப் என்றால் பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். கழற்றி மாட்டும் எம்எக்ஸ்எம் கார்டுகள் விலை உயர்ந்த சில மாடல்களைத் தாண்டிப் பரவவே இல்லை.

ஆக, வாங்கும் நாளில் எடுக்கிற முடிவுதான் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுக்க நிற்கிறது. கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட்டில் ஓடுகிறது என்பது போன்ற, அந்த முடிவுக்குத் தேவையான விவரம் பெட்டியின் மேல் இல்லை. உங்களிடம் முறையிடுவது இதற்காகத்தான்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் லேப்டாப் நிறுவனம் ஓட்டலாம். ஆர்டிஎக்ஸ் 3050-க்கு இது 35 முதல் 80 வரை. மின்சாரம் குறைந்தால் வேகமும் குறையும். மெல்லிய உடம்புக்குள் குறைந்த வாட்டில் ஓடும் லேப்டாப்பும், பெரிய ஃபேனோடு முழு வாட்டில் ஓடும் லேப்டாப்பும் ஒரே ஸ்டிக்கரோடு கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முன்பு குறைந்த வாட் மாடல்களை மேக்ஸ்-கியூ என்ற பெயரை வைத்தாவது அடையாளம் காண முடிந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது சிப் பெயரிலிருந்து அதுவும் போய்விட்டது. வாட் அளவைச் சில நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் எங்கோ ஒரு மூலையில் போடுகின்றன. இஎம்ஐ போட்டு மகளுக்கு வாங்கித் தரும் அப்பா அதைத் தேடிப் பிடித்துப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்களில் சிக்கல் வேறு. அங்கே கிராபிக்ஸ் வேலைக்கும் லேப்டாப்பின் பொது ரேமைத்தான் பயன்படுத்த வேண்டும். ரேமுக்கும் சிப்புக்கும் நடுவே தரவு போகிற பாதைதான் சேனல். டிடிஆர்4-3200 ரேம் ஒரே சேனலில் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வேகம். இரண்டு சேனலிலும் இருந்தால் 51.2. இன்டெல்லின் பல 11, 12, 13-ஆம் தலைமுறை ஐ5, ஐ7 சிப்களில் இரண்டு சேனலிலும் ரேம் இருந்தால்தான் உள்ளிருக்கும் கிராபிக்ஸை 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற மேலான பெயரில் காட்டும். ஒரே ரேம் குச்சியோடு விற்றால் அதே சிப் வெறும் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டும். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு குச்சி வாங்கிப் போட்டாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். லேப்டாப்பில் கிராபிக்ஸை மேம்படுத்த நான் முதலில் சொல்லும் வழி இதுதான், செலவும் குறைவு. ஆனால் ஸ்லாட் இருக்கிறதா, ரேம் முழுக்க சாலிடர் செய்யப்பட்டதா என்பது பின்மூடியைத் திறந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. திறந்தால் வாரண்டி போய்விடுமோ என்ற பயம் வேறு.

வெளியிலிருந்து கிராபிக்ஸ் கார்டு இணைக்கவும் வழி உண்டு. அதற்குத் தண்டர்போல்ட் போன்ற வேகமான போர்ட் வேண்டும். பார்வைக்கு எல்லா டைப்-சி போர்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கார்டை வைக்கும் வெளிப்பெட்டி, கார்டு, பவர் சப்ளை என்று செலவு ஏறுவதால் மாணவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

பொருளின் தரம், அளவு, திறன் பற்றி அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகளின்படி ஒரு பிஸ்கட் பாக்கெட்டிலும் எடை இருந்தாக வேண்டும். லேப்டாப் பெட்டியில் கிராபிக்ஸின் வாட் அளவும் அப்படி இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் குழு அமைத்த துறை உங்களுடையது. அந்த அக்கறை மேம்படுத்தும் உரிமைக்கும் நீளட்டும். பயனரே கழற்றி மாற்றும் கிராபிக்ஸ் பகுதியோடு ஃபிரேம்வொர்க் நிறுவனத்தின் 16 அங்குல லேப்டாப் 2024 முதல் வெளிநாடுகளில் விற்பனையாகிறது. 2025-இல் அதே லேப்டாப்புக்குப் புதிய ஆர்டிஎக்ஸ் 5070 பகுதியும் வந்தது. எல்லா நிறுவனமும் நாளைக்கே அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை.

நான் கேட்பது பெட்டியின் மேல் சில வரிகள்: கிராபிக்ஸ் சிப்புக்குத் தரப்படும் அதிகபட்ச வாட், ரேம் எத்தனை சேனலில் இருக்கிறது, காலி ஸ்லாட் உண்டா, டைப்-சி போர்ட் எந்த வகை. கூடவே, ரேம் போடுவதற்காக மூடியைத் திறந்தால் வாரண்டி போகாது என்ற உறுதி. கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் பெற்றோர்கள் கடைகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஜூன் மாதத்துக்குள் இதற்கான அறிவிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப்டாப் சர்வீஸ் டெக்னீஷியன்