யூதப் பாரம்பரிய நடையைச் சனிக்கிழமை வைக்காதீர்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா ஏற்பாட்டாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கிரீஸ் பயணக் குழுவில் வந்த இருபத்தாறு பேரில் நானும் என் அப்பாவும் இருந்தோம். தெசலோனிகியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கூட வந்த உங்கள் மேலாளர் தம்பி அங்கிருந்தே உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஊர் திரும்பியதும் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். "பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்று ஒரே ஒரு வரி பதிலாக வந்தது. ஐயா, திட்டம் எதுவும் மாறவில்லை. நீங்கள் அச்சடித்துக் கொடுத்தபடியேதான் எல்லாம் நடந்தது. என் புகாரே அந்த அச்சடித்த தாளைப் பற்றித்தான்.

அதில் இப்படி இருந்தது: "சனி, காலை 9:30. யூதப் பாரம்பரிய நடை, வழிகாட்டியுடன், அரை நாள்."

யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதில் தொடங்கி சனிக்கிழமை இருட்டும் வரை. தெசலோனிகியின் யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை திறப்பதில்லை. ஜெப ஆலயத்தில் அன்று வழிபாடு நடக்கும், வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு இடம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு போன் போதும்.

என் அப்பாவுக்கு 76 வயது. விருதுநகர் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவர். இரண்டாம் உலகப்போர் பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் இரண்டு பக்கத்தோடு நிறுத்தமாட்டார், தெசலோனிகியைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பு எடுப்பார். 1492-ல் ஸ்பெயின் துரத்திவிட்ட யூதர்கள் ஓட்டோமான் ஆட்சியில் இருந்த இந்தத் துறைமுக நகரத்தில் குடியேறியது, நானூறு வருடம் கழித்தும் வீட்டில் லடினோ என்ற பழைய ஸ்பானியப் பேச்சையே பேசியது, 1912-ல் நகரம் கிரீஸ் கைக்கு வந்தபோது வேறு எந்தச் சமூகத்தையும்விட அங்கே யூதர்களே அதிகமாக இருந்தது, எல்லாம் சொல்வார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் யூதர்கள் என்பதால் சனிக்கிழமை கப்பல் வந்தால் சரக்கு இறக்க ஆள் கிடைக்காது என்று அவர் சொன்னதை நானே அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வருகிறேன் என்றார். ஏதென்சுக்காக இல்லை, சான்டோரினிக்காகவும் இல்லை.

பயணத் திட்டம் கைக்கு வந்ததும் அப்பா கிழமையைத்தான் முதலில் பார்த்தார். "சனிக்கிழமை போட்டிருக்கிறார்களே" என்றார். "சிறப்பு அனுமதி வாங்கியிருப்பார்கள் அப்பா, கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா?" என்று சொன்னது நான்தான். அந்தப் பேச்சு இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அன்று காலை அகியூ மினா தெருவில், அருங்காட்சியக வாசலில் இருபத்தாறு பேரும் நின்றோம். கதவு மூடியிருந்தது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நேரம் எழுதியிருந்த பலகைக்கு மிக அருகே போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். சனி என்ற வரியில் விரல் நின்றது. அங்கிருந்து எடுக்காமலேயே திரும்பி, "தம்பி, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். "சார், இது ஆபீஸ்ல போட்ட திட்டம், நான் என்ன சார் செய்வேன்?" என்றார் உங்கள் மேலாளர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சின்னப் பையன், முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்பாவின் சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு இருந்தது. உள்ளே போய்க் கேட்க வேண்டிய கேள்விகளைப் பதினேழு எண் போட்டு எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பேட்டை அன்று அவர் வெளியில் எடுக்கவே இல்லை.

இன்னொரு தடவை அவரால் வர முடியாது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது, இந்தப் பயணத்துக்கே மருத்துவர் அரை மனதாகத்தான் சம்மதித்தார். மறுநாள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெட்டியோராவுக்குப் பேருந்து. ஆக, அந்த ஒரு நாள் போனது போனதுதான்.

உள்ளூர் வழிகாட்டிப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். "சனிக்கிழமை என்றால் கதவுகளைத்தான் காட்ட முடியும் என்று முன்பே எழுதியிருந்தேன்" என்று எங்களிடம் வருத்தப்பட்டார். அவர் எழுதியது உங்கள் அலுவலகத்துக்கு வந்ததா, வரவில்லையா? இதற்காவது பதில் சொல்லுங்கள். சிங்ரூ தெருவில் மொனாஸ்திர் ஊர் யூதர்கள் 1927-ல் கட்டி முடித்த ஜெப ஆலயத்தைத் தெருவில் நின்றபடியே காட்டினார். போரின்போது செஞ்சிலுவைச் சங்கம் அதைக் கிடங்காகப் பயன்படுத்தியதால்தான் அது இடிபடாமல் தப்பியது என்றார். உள்ளே பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டுமாம். யாரும் கேட்டிருக்கவில்லை.

அப்புறம் எலெப்தெரியாஸ் சதுக்கம். விடுதலைச் சதுக்கம் என்று பொருள். 1942 ஜூலை 11-ம் தேதி, 18 முதல் 45 வயது வரையுள்ள யூத ஆண்கள் ஏறக்குறைய 9,000 பேரை ஜெர்மானியர்கள் இங்கே வரவழைத்தார்கள். கொளுத்தும் வெயிலில், தலையில் தொப்பிகூடப் போட விடாமல், மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள். உடற்பயிற்சி செய்யச் சொல்லி அடித்தார்கள், கட்டாய வேலைக்குப் பெயர் எழுதினார்கள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும் ஓய்வுநாள் என்று தெரிந்துதான். அன்றும் சனிக்கிழமை ஐயா. வழிகாட்டி இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் யாருமே வாயைத் திறக்கவில்லை. அப்பா மட்டும் மெதுவாக, "நாமும் சனிக்கிழமைதான் வந்திருக்கிறோம்" என்றார். தீப்பிழம்பும் மனித உடல்களும் பின்னிப் பிணைந்த ஒரு வெண்கலக் கிளைவிளக்கு, யூதர்களின் மரபுச் சின்னம், அங்கே நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதன் முன்னால் எங்களுக்குக் கிடைத்தது ஆறு நிமிடம். மொடியானோ சந்தையில் மதிய உணவுக்கு மேசை பதிவு செய்திருந்தீர்களாம்.

சந்தையைக் குறை சொல்லவில்லை. அதைக் கட்டிய எலி மொடியானோவும் அந்த ஊர் யூதர்தான், அதைப் பார்த்தாக வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், அதன் பிறகு சிமிஸ்கி தெருவில் கடைகளுக்கு இரண்டரை மணி நேரம். இடிபட்ட கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நானும் அப்பாவும் டாக்சி பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். 80 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடந்த பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் மேல்தான் இன்று அந்த வளாகம் நிற்கிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். 1942 டிசம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். இடித்தது ஜெர்மன் ராணுவம் மட்டும் இல்லை, நகராட்சியின் கூலியாட்களும் சேர்ந்துதான். பளிங்குக் கற்கள் ஊர் முழுக்கப் போயின: நடைபாதைக்கு, சுவருக்கு, தேவாலயத் திருப்பணிக்கு. இறந்தவர்களை அகற்றிய மூன்றே மாதத்தில், 1943 மார்ச் 15-ம் தேதி, உயிரோடு இருந்தவர்களை ஏற்றிய முதல் ரயில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட்டது. ஆகஸ்டுக்குள் 45,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். இன்று அந்த ஊரில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஆயிரம் யூதர்கள்.

வளாகத்தில் 2014-ல்தான் ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். புல்வெளியில் ஒரு கிளைவிளக்கு, அருகில் உடைந்த கல்லறைக் கற்கள். அப்பா குனிய முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு கல்லின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு எபிரேயம் தெரியாது. பிறகு தரையில் தேடி ஒரு சின்னக் கூழாங்கல்லை எடுத்து அந்தக் கல்லின் மேல் வைத்தார். யூதர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை, கல்தான் வைப்பார்கள் என்று எனக்குச் சொன்னார். மாணவர்கள் காபிக் கோப்பைகளோடு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்று பேருந்தில் எங்களுக்குப் பேச்சு விழுந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினும் போர்ச்சுகலும் விரட்டிய யூதர்களில் சிலர் கொச்சி வரைக்கும் வந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு அப்பா பலமுறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறார். அங்கேயும் சனிக்கிழமை பார்வையாளர்களை விடமாட்டார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் போவார். எந்தக் கணினியும் இல்லாத காலத்தில், ஒரு அஞ்சலட்டை போட்டு விசாரித்துவிட்டு நாற்பது பிள்ளைகளோடு போன வாத்தியார் அவர். நீங்கள் தலைக்கு இரண்டரை லட்சம் வாங்குகிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுத எழுத மற்றதெல்லாம் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் "புகைப்பட நிறுத்தம்" என்று பத்து நிமிடம், சாம்பார் சாதத்துக்காக நகரத்தின் மறுகோடிக்கு முக்கால் மணி நேரப் பயணம், வயதானவர்களுக்குக் கழிவறை எங்கே என்றுகூடச் சொல்லாமல் இறக்கிவிடுவது. நம் ஆட்களுக்குக் கடையும் சாப்பாடும் போதும், வரலாறெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துத் திட்டம் போடுகிறீர்கள். எங்கள் குழுவில் அருங்காட்சியக வாசலில் ஏமாந்தவர் என் அப்பா மட்டும் இல்லை. கோவையிலிருந்து வந்த இரண்டு அக்காமார்களும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

சரி, அதையெல்லாம் விடுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. உங்கள் திட்டத்தில் வெள்ளிக்கிழமை வெர்கினா அரச கல்லறைகள், சனிக்கிழமை யூதப் பாரம்பரிய நடை என்று இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றுங்கள். அவ்வளவுதான். ஓட்டலை மாற்ற வேண்டாம், விமானத்தை மாற்ற வேண்டாம், செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. வெள்ளிக்கிழமை காலையில் நடையை வையுங்கள், ஜெப ஆலயத்துக்கு முன்பே எழுதி அனுமதி கேளுங்கள், கடைத்தெரு நேரத்தில் ஒரு மணியைக் குறைத்துப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

புதிய துண்டறிக்கை நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதிலும் சனிக்கிழமை என்றே இருக்கிறது. அடுத்த குழு கிளம்புவதற்குள் அந்த ஒரு வரியைத் திருத்திவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பாவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சென்ற மாதக் குழுவில் வந்த பயணி ஒருத்தி